பைக்கில் வேறு சைலன்சர் மாட்டுவது எப்படி: வாங்குவதில் இருந்து கசிவு பார்ப்பது வரை

சைலன்சர் மாற்றுவது அப்படி ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர் நிதானமாகச் செய்தால் அரை நாளில் முடித்துவிடலாம். ஆனால் மாட்டிய கொஞ்ச நாளிலேயே பிராக்கெட்டின் வெல்டிங் விட்டுப்போவதும், ஆக்சிலரேட்டரை விட்டதும் பட்பட்டென்று வெடிப்பதும், ஜாயின்ட்டில் கரி படிவதும் அடிக்கடி நடக்கிறது. உடனே சைலன்சர் மட்டம் என்று பழி போட்டுவிடுகிறோம். பல நேரம் குறை மாட்டிய விதத்தில்தான் இருக்கும். குழாய் தானாகப் போய் உட்கார வேண்டிய இடத்தில் உட்காரும் முன்பே நட்டை இறுக்கிவிட்டால், அந்த இழுப்பு முழுவதும் பிராக்கெட்டிலும், இன்ஜின் ஹெட்டில் குழாயைப் பிடிக்கும் மரைக்கம்பியான ஸ்டட்டிலும் தங்கிவிடும். மிச்ச வேலையை அதிர்வும் சூடும் பார்த்துக்கொள்ளும். இந்த வழிகாட்டி முழுக்க நான் அழுத்திச் சொல்லப்போவது இது ஒன்றைத்தான்: இறுக்குவது கடைசி வேலை.

வாங்கும் முன்

கிடைப்பவை இரண்டு வகை. ஸ்லிப்-ஆன் என்றால் கடைசிப் பகுதியான சைலன்சர் மட்டும் மாறும். இன்ஜினில் இருந்து வரும் பெண்ட் பைப் அப்படியே இருக்கும். ஃபுல் சிஸ்டம் என்றால் இன்ஜின் ஹெட்டில் தொடங்கி நுனி வரை எல்லாமே புதிது. முதல் தடவை செய்கிறவருக்கு என் பரிந்துரை ஸ்லிப்-ஆன்தான். எடை குறையும், சத்தத்தின் தன்மை மாறும், ஹெட் ஸ்டட்டுகளைத் தொட வேண்டியதில்லை, பெரும்பாலான பைக்குகளில் பெட்ரோல் அளவையும் மாற்ற வேண்டி வராது. சக்தி கூடும் என்ற எதிர்பார்ப்போடு மட்டும் ஸ்லிப்-ஆன் வாங்காதீர்கள். அது தரும் வித்தியாசம் மிகச் சிறியது.

ஃபுல் சிஸ்டம் விஷயம் வேறு. அங்கே குழாயின் நீளமும் விட்டமுமே இன்ஜினின் குணத்தை மாற்றும். புகை வெளியேறுவதைத் தடுக்கும் எதிர் அழுத்தம், அதாவது பேக் பிரஷர், இருந்தால்தான் இழுவை கிடைக்கும் என்று ஒரு பேச்சு பரவலாக உண்டு, அது சரியில்லை. வால்வு திறந்ததும் புகை ஓர் அழுத்த அலையாகக் குழாய்க்குள் பாய்கிறது. குழாய் விரிகிற இடத்தை அந்த அலை எட்டியதும், அழுத்தம் குறைந்த அலை ஒன்று இன்ஜினை நோக்கித் திரும்பி வருகிறது. உள்ளே விடும் வால்வும் வெளியே விடும் வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் அந்தக் கணநேரத்தில் அது வந்து சேர்ந்தால், சிலிண்டரில் மிஞ்சிய புகையை வெளியே இழுத்துப் புதிய கலவைக்கு இடம் உண்டாக்கும். எந்த ஆர்பிஎம்மில் அது சரியான நேரத்துக்கு வந்து சேரும் என்பதை நீளம் தீர்மானிக்கிறது. விட்டம் தேவைக்கு மேல் பெரிதானால் புகையின் வேகம் குறைந்து, கீழ் ஆர்பிஎம்மில் இழுவை போய்விடும். ‘பெரிய குழாய், பெரிய பிக்கப்’ என்று நம்பி வாங்குகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். ஊருக்குள் ஓட்டும் பைக்குக்கு அதிகம் தேவைப்படுவது அந்தக் கீழ் ஆர்பிஎம் இழுவைதான்.

அடுத்தது கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய தேன்கூடு போன்ற அமைப்பு அது. கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடுகள் மூன்றையும் பெருமளவு தீங்கற்றதாக மாற்றுகிறது. நிறைய பைக்குகளில் அது பெண்ட் பைப்பிலோ, இன்ஜினுக்கு அடியில் குழாய்கள் சேரும் இடத்திலோ இருக்கும்; சிலவற்றில் சைலன்சருக்கு உள்ளேயே இருக்கும். உங்கள் மாடலில் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை எடுத்துவிட்டு ஓட்டுவதை நான் ஆதரிக்கவில்லை. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். சிக்னலில் பின்னால் நிற்பவர் அந்தப் புகையைத்தான் மூச்சில் இழுக்கிறார்.

சட்டம் இடத்துக்கு இடம் மாறும். அங்கீகார முத்திரை பொறித்த, உங்கள் மாடலுக்கென்றே செய்த சைலன்சரை வாங்குவதுதான் நிம்மதி. சத்தத்தைச் சோதிக்கும்போது வழக்கமாக, நின்ற நிலையில், குழாயின் வாயில் இருந்து அரை மீட்டர் தள்ளி, 45 டிகிரி கோணத்தில் மைக்கை வைத்து அளப்பார்கள். டெசிபல் கணக்கில் 3 கூடினாலே ஒலியின் ஆற்றல் இரு மடங்கு. 10 கூடினால் காதுக்கே இரு மடங்கு சத்தமாகக் கேட்கும். சத்தத்தைக் குறைக்கச் சைலன்சரின் வாயில் செருகி வரும் டிபி கில்லரைக் கழற்றிப்போடுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். நீண்ட தூரம் ஓட்டுகிறவருக்கு முதலில் கெடுவது சொந்தக் காதுதான்.

உலோகத்தைப் பற்றிச் சுருக்கமாக: ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நீடித்து உழைக்கும், விலையும் தாங்கும். டைட்டானியத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 4.5 கிராம், ஸ்டீலுக்கு 8 கிராமை ஒட்டி வரும். எடையைக் குறைப்பதே நோக்கம் என்றால் மட்டும் அதற்குப் பணம் கொடுங்கள். கார்பன் ஃபைபர் உறை பார்வைக்கு நன்றாக இருக்கும், ஆனால் கீழே விழுந்தால் உடையும்.

கையில் இருக்க வேண்டியவை

சாக்கெட் செட், நீளமான எக்ஸ்டென்ஷன், ஆலன் கீ, இறுக்க அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச், துருப்பிடித்த மரையை இளக்கும் பெனிட்ரேட்டிங் ஆயில், வயர் பிரஷ், மரை பிடித்துப்போகாமல் காக்கும், சூடு தாங்கும் ஆன்டி-சீஸ் பசை, ஸ்பிரிங் இழுக்கும் கொக்கி, கையுறை, கண்ணாடி. ஃபுல் சிஸ்டம் என்றால், புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாருக்கான பிளவுபட்ட சாக்கெட்டும் வேண்டும். ஜாயின்ட்டில் கசிவை அடைக்கும் வளையங்களான கேஸ்கெட்டுகளைப் புதிதாக வாங்கி வைத்திருங்கள். பழையது நன்றாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். ஒருமுறை நசுங்கி உட்கார்ந்த கேஸ்கெட் இரண்டாம் முறை அதே போல நசுங்காது.

உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலும் தேவை. இறுக்க அளவுகள் அதில்தான் இருக்கும்.

பழையதைக் கழற்றுதல்

இன்ஜின் முழுதாக ஆறட்டும். ஓடும்போது ஹெட்டில் இருந்து வெளியேறும் புகை 600 முதல் 800 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். அணைத்து அரை மணி நேரம் கழித்துத் தொட்டாலும் சில இடங்கள் சுடும். பைக்கைப் பேடாக் ஸ்டாண்டிலோ சென்டர் ஸ்டாண்டிலோ அசையாமல் நிறுத்துங்கள். கழற்றும் முன் நான்கைந்து படம் எடுத்துக்கொள்வது நல்லது. எந்த வாஷர் எந்தப் பக்கம் இருந்தது என்று பிறகு நினைவிருக்காது.

ஸ்லிப்-ஆன் என்றால் கதை சின்னது. ஜாயின்ட்டில் இருக்கும் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்துங்கள். முழுவதும் கழற்ற வேண்டியதில்லை. அப்புறம் ஃபுட்ரெஸ்ட் பிராக்கெட்டில் சைலன்சரைத் தாங்கும் போல்ட்டை எடுங்கள். அதை எடுக்கும்போது மறு கை சைலன்சருக்கு அடியில் இருக்கட்டும். பிறகு இடமும் வலமுமாக லேசாகத் திருகிக்கொண்டே பின்னால் இழுத்தால் வந்துவிடும். வராவிட்டால் ஜாயின்ட்டில் பெனிட்ரேட்டிங் ஆயில் விட்டுக் காத்திருங்கள். சுத்தியால் அடிப்பதென்றால் ரப்பர் சுத்தியால், அதுவும் மெதுவாக. மேலும் கீழுமாக ஆட்டி நெம்பினால் பெண்ட் பைப்பின் வாய் நீள்வட்டமாகிவிடும். பிறகு எந்தச் சைலன்சரும் அதில் கசிவில்லாமல் உட்காராது.

ஃபுல் சிஸ்டம் என்றால் இன்னும் மூன்று விஷயங்கள் உண்டு.

ஒன்று, ஆக்சிஜன் சென்சார். அதைத் திருகும் முன் வயரின் மறுமுனையில் உள்ள கனெக்டரைப் பிரித்துவிடுங்கள். இல்லாவிட்டால் திருகத் திருக வயரும் முறுக்கிக்கொண்டு உள்ளே அறுந்துவிடும். பைக்குகளில் அதிகம் வருவது 12 மி.மீ. மரையும் 18 மி.மீ. மரையும். முந்தையதற்கு வழக்கமாக 17 மி.மீ. சாக்கெட், பிந்தையதற்கு 22. புதிய பெண்ட் பைப்பில் அதே அளவு மரை இருக்கிறதா என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். கழற்றிய சென்சாரைக் கீழே போடக் கூடாது, நுனியைத் துடைக்கவும் கூடாது.

இரண்டு, சில பைக்குகளில் குழாய்க்குள் ஒரு தகடு சுழன்று வழியைக் குறைத்துக் கூட்டும். யமஹா 1980களில் எக்ஸப் என்ற பெயரில் கொண்டுவந்த அமைப்பு இந்த வகைதான். அந்தத் தகட்டை ஒரு சர்வோ மோட்டார் கேபிள் வழியாக இயக்கும். புதிய குழாயில் இந்தத் தகடு இல்லாவிட்டால், கேபிளைக் கழற்றியதும் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும். சர்வோ இருப்பது போலவே, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியுவுக்குச் சிக்னல் கொடுக்கும் சின்ன எலிமினேட்டர் கிடைக்கிறது. அதையும் சேர்த்து வாங்க வேண்டும்.

மூன்றாவது, எல்லோரையும் பாடாய்ப் படுத்துவது: ஹெட்டில் இருக்கும் ஸ்டட்டுகள். மழைத்தண்ணீரும் சூடும் மாறி மாறிப் பட்டுத் துருவேறி, நட்டும் ஸ்டட்டும் ஒன்றோடொன்று பிடித்துப்போயிருக்கும். முந்தின நாள் மாலையே வயர் பிரஷ்ஷால் மரையில் உள்ள துருவைத் தேய்த்துவிட்டு, பெனிட்ரேட்டிங் ஆயில் விட்டு, ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். காலையில் இன்னொரு முறை விடுங்கள். அறுமுனை சாக்கெட் மட்டும் பயன்படுத்துங்கள். பன்னிரு முனை சாக்கெட் நட்டின் மூலைகளை மழுக்கிவிடும். நட்டு நகர ஆரம்பித்ததும் ஒரேயடியாகக் கழற்றிவிடத் தோன்றும். கால் சுற்று தளர்த்தி, அரைக்கால் சுற்று திரும்ப இறுக்கி, ஆயில் விட்டு, மறுபடி தளர்த்துங்கள். கிறீச்சென்ற சத்தம் வந்தால் நிறுத்துங்கள், அது ஸ்டட் முறுக்கேறும் சத்தம். ஹீட் கன்னால் சூடாக்கிப் பார்க்கலாம். ஆனால் ஆயிலை நன்றாகத் துடைத்த பிறகு, பெட்ரோல் டேங்கில் இருந்து விலக்கிப் பிடித்துத்தான். நட்டோடு சேர்ந்து ஸ்டட்டே முழுதாகக் கழன்று வந்தால் கவலையே இல்லை, புது ஸ்டட் போட்டுக்கொள்ளலாம். ஸ்டட் உடைந்து, வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தால் அதில் இரண்டு நட்டுகளை ஒன்றோடொன்று இறுக்கி, உள்பக்க நட்டைத் திருப்பிக் கழற்றப் பார்க்கலாம். ஹெட்டின் மட்டத்துக்கே உடைந்துவிட்டால் அங்கேயே நிறுத்திவிட்டு, லேத் பட்டறையில் விடுங்கள். அலுமினிய ஹெட்டில் கோணலாகத் துளை போட்டுவிட்டால் செலவு எங்கேயோ போய்விடும்.

கடைசி நட்டை எடுக்கும் முன் குழாய்க்கு அடியில் ஒரு பெட்டியோ மரக்கட்டையோ முட்டுக் கொடுங்கள். எடை முழுவதும் ஒரே ஸ்டட்டில் தொங்கக் கூடாது.

போர்ட்டைச் சுத்தம் செய்தல்

இது ஐந்து நிமிட வேலை, ஆனால் இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். குழாய் வந்ததும், ஹெட்டில் புகை வெளியேறும் துளையான போர்ட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய செம்பு கேஸ்கெட் உள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும். கரி படிந்து கறுத்துப்போய் ஹெட்டின் ஒரு பகுதி போலவே தெரியும். அது தெரியாமல் மேலே புதியதை வைத்து இறுக்கினால், இரண்டு கேஸ்கெட்டின் தடிமனால், குழாயை ஹெட்டோடு சேர்க்கும் தட்டான ஃபிளாஞ்ச் சரியாக உட்காராது, மரைக்கும் பிடிப்பு குறையும். வளைந்த ஊசியாலோ மெல்லிய ஸ்க்ரூ டிரைவராலோ ஓரத்தைக் கிளப்பி எடுங்கள். கேஸ்கெட் உட்காரும் முகத்தைக் கீறிவிடக் கூடாது. பிறகு கரியைத் தேய்த்துத் துடைத்துவிடுங்கள். உள்ளே எதுவும் விழாமல் துணியால் அடைப்பதென்றால் பளிச்சென்ற நிறத்தில் பெரிய துணியாக அடையுங்கள், எடுக்க மறக்காது.

ஸ்டட்டின் மரைகளில் ஆன்டி-சீஸ் பசையை மெல்லிசாகத் தடவுங்கள். அடுத்த முறை கழற்றும்போது இந்தத் தடவலுக்கு உங்களுக்கே நன்றி சொல்லிக்கொள்வீர்கள்.

மாட்டுதல்

புதிய செட்டைத் தரையில் பரப்பி, மாட்டிய நிலையில் எப்படி இருக்குமோ அதே வரிசையில் அடுக்கிப் பாருங்கள். குழாய்க்குள் பேக்கிங் நுரையோ பிளாஸ்டிக் மூடியோ இருக்கும், எடுத்துவிடுங்கள். குழாயின் வாயில் பிசிறு இருந்தால் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள்.

புதிய கேஸ்கெட்டைப் போர்ட்டில் வைக்கும்போது அது நழுவி விழுந்துகொண்டே இருக்கும். கிரீஸை ஒரு பொட்டு தடவினால் ஒட்டிக்கொள்ளும். முதல் ஸ்டார்ட்டில் எரிந்து போய்விடும். பெண்ட் பைப்பை உயர்த்தி ஃபிளாஞ்சைக் கோத்து, நட்டுகளை விரலால் மட்டும் ஏற்றுங்கள். அடுத்து நடுக்குழாய், அதற்கடுத்து சைலன்சர், ஸ்பிரிங்குகள், பிராக்கெட் போல்ட். எல்லாமே கையால் ஆட்டினால் ஆடும் அளவுக்குத் தளர்வாக இருக்க வேண்டும்.

பழைய சைலன்சரின் காதில் ஒரு ரப்பர் புஷ்ஷும் அதற்குள் இரும்புக் குழலும் இருக்கும். புதியதோடு தனியாக வராவிட்டால் அவற்றை எடுத்து மாற்றிப் போட வேண்டும். அந்தக் குழல் இல்லாமல் இறுக்கினால் ரப்பர் பிதுங்கிப்போகும், போல்ட்டும் நிற்காது. கார்பன் பட்டை கிளாம்ப் என்றால், பட்டைக்கும் சைலன்சருக்கும் நடுவே ரப்பர் பட்டை கட்டாயம் வர வேண்டும்.

இப்போது முக்கியமான சோதனை. பிராக்கெட் போல்ட்டைக் கையால் உருவி எடுங்கள். சைலன்சரின் துளையும் பிராக்கெட்டின் துளையும் நேருக்கு நேர் நிற்கிறதா? போல்ட் வழுக்கிக்கொண்டு உள்ளே போகிறதா? போனால் சரி. துளைகள் விலகியிருந்து, சைலன்சரை நெம்பிப் பிடித்துத்தான் போல்ட்டை ஏற்ற முடிகிறது என்றால், எங்கேயோ குழாய் சரியாக உட்காரவில்லை. ஜாயின்ட் முழு ஆழத்துக்குப் போயிருக்கிறதா, ஃபிளாஞ்ச் சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நடுக்குழாயைக் கொஞ்சம் திருகிப் பாருங்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டர் மிச்சம் இருந்தால் வாஷரோ ஸ்பேசரோ போட்டுச் சரிசெய்யலாம். விசையால் மட்டும் சரிசெய்யாதீர்கள்.

உட்கார்ந்துவிட்டது என்று திருப்தியானதும் இறுக்கத் தொடங்குங்கள். வரிசை எப்போதும் இன்ஜினில் இருந்து பின்னோக்கித்தான். முதலில் ஹெட் நட்டுகள்: ஒரு பக்கம் அரைச் சுற்று, மறு பக்கம் அரைச் சுற்று என்று மாற்றி மாற்றி. ஃபிளாஞ்சுக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் சமமாகவே குறைந்து வர வேண்டும். 6 மி.மீ. மரைக்கு வழக்கமாக 10 முதல் 12 நியூட்டன் மீட்டர், 8 மி.மீ.க்கு 20 முதல் 25 வரை வரும். மேனுவலில் வேறு அளவு இருந்தால் அதுவே இறுதி. அடுத்து நடுக்குழாயின் கிளாம்ப், அப்புறம் சைலன்சர் கிளாம்ப், கடைசியாக பிராக்கெட் போல்ட். சென்சாரின் மரையில் மட்டும் ஆன்டி-சீஸ் படலாம். நுனியில் பட்டால் சென்சார் கெட்டுவிடும்.

ஸ்பிரிங் மாட்டும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். இழுக்கும் கொக்கி இல்லாமல் பிளையரால் இழுத்தால் அது எகிறி முகத்தில் அடிக்கும்.

உரசுகிறதா என்று பார்த்தல்

மாட்டியது அழகாகத் தெரியும், ஆனால் பைக் நகரும்போது நிலைமை மாறும். ஒருவரை ஏறி உட்காரச் சொல்லி சஸ்பென்ஷனை அழுத்தவிட்டு, ஸ்விங் ஆர்முக்கும் சைலன்சருக்கும் எவ்வளவு இடைவெளி மிஞ்சுகிறது என்று பாருங்கள். பிரேக் ஹோஸ், சென்சார் வயர், இண்டிகேட்டர், பின்னால் உட்காருபவரின் குதிகால், பக்கவாட்டுப் பை எல்லாம் விலகி இருக்கின்றனவா? பின் பிரேக் பெடல் முழுதாக இறங்குகிறதா? ஆயில் வடிக்கும் போல்ட்டுக்கும் ஃபில்டருக்கும் கை போகிறதா?

சென்டர் ஸ்டாண்ட் உள்ள பைக்கில் ஒரு விஷயத்தைத் தவறவே விடாதீர்கள். பல மாடல்களில் ஸ்டாண்டை மடக்கும்போது அது வந்து முட்டி நிற்கும் ரப்பர் கட்டை பழைய சைலன்சரிலேயே இருக்கும். புதியதில் அது இல்லாவிட்டால் ஸ்டாண்ட் அளவுக்கு மேல் உயர்ந்து செயினிலோ ஸ்விங் ஆர்மிலோ போய் உரசும். தனியாக ஸ்டாப்பர் பொருத்துங்கள், இல்லையென்றால் ஸ்டாண்டையே கழற்றிவிடுங்கள்.

முதல் ஸ்டார்ட்

ஸ்டார்ட் பண்ணும் முன் எல்லாக் குழாய்களையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த சுத்தமான துணியால் துடையுங்கள். விரல் பட்ட இடத்தில் உள்ள எண்ணெய்ப் பசை முதல் சூட்டிலேயே உலோகத்தில் சுட்டுப் பதிந்துவிடும். ஸ்டெயின்லெஸ் பொன்னிறமாகி, பிறகு நீலமாக மாறுவது இயல்பு. அந்த நீலத்தின் நடுவே ஐந்து விரல் தடம் இருந்தால்தான் கண்ணை உறுத்தும்.

திறந்த வெளியில் மட்டும் ஸ்டார்ட் செய்யுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. முதல் சில நிமிடம் கிரீஸும் தயாரிப்பின்போது பட்ட எண்ணெயும் எரிந்து லேசாகப் புகையும், பயப்பட வேண்டாம். ஒவ்வொரு ஜாயின்ட்டுக்கும் அருகே, தொடாமல், கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். காற்று துடித்துத் துடித்துக் கையில் பட்டால் அங்கே கசிவு. டிக் டிக்கென்ற மெல்லிய சத்தம் ஹெட் பக்கம் கேட்டாலும் அதேதான். ஓட்டிய பிறகு ஜாயின்ட்டைச் சுற்றிக் கறுப்புக் கரி தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். சென்சாருக்கு முன்னால் உள்ள கசிவை விட்டுவைக்கக் கூடாது. ஒவ்வொரு துடிப்புக்கும் இடையில் வெளிக்காற்று உள்ளே இழுபடும். சென்சார் அதைப் பார்த்துப் பெட்ரோல் போதவில்லை என்று தவறாகச் சொல்லும், இசியு தேவையில்லாமல் பெட்ரோலைக் கூட்டும். மைலேஜ் சரியும். ஆக்சிலரேட்டரை விடும்போது வரும் வெடிச்சத்தத்துக்கும் முதலில் பார்க்க வேண்டியது இந்தக் கசிவைத்தான்.

செருகு ஜாயின்ட்டில் மட்டும் கசிந்தால், சூடு தாங்கும் எக்ஸாஸ்ட் சீலன்ட்டை மெல்லிய வளையமாகத் தடவி மாட்டலாம். ஹெட்டில் கேஸ்கெட் உட்காரும் முகத்தில் அதைப் போடக் கூடாது.

பெட்ரோல் அளவு மாற்ற வேண்டுமா?

இன்ஜெக்ஷன் பைக்கில் ஸ்லிப்-ஆன் மட்டும் என்றால் பெரும்பாலும் தேவையில்லை. நிதானமாக ஓட்டும்போது இசியு சென்சாரைப் பார்த்து, ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற அளவை ஒட்டித் தானே திருத்திக்கொள்ளும். ஆனால் முழு ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது அது சென்சாரைக் கேட்காது, நினைவில் உள்ள அட்டவணைப்படிதான் ஊற்றும். ஃபுல் சிஸ்டத்தோடு ஏர் ஃபில்டரையும் மாற்றியிருந்தால் அந்த அட்டவணை பொருந்தாமல் போகலாம், அப்போது இன்ஜின் சக்தியை அளக்கும் டைனோ இயந்திரத்தில் வைத்து ரீமேப் செய்வதுதான், அதாவது அட்டவணையை மாற்றி எழுதுவதுதான் முறை. கார்புரேட்டர் பைக்கில் தன்னைத்தானே திருத்திக்கொள்ளும் வசதியே கிடையாது. ஓட்டிப் பார்த்துவிட்டு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இன்சுலேட்டர் இளம்பழுப்பாக இருந்தால் சரி. வெளிறிப்போய் வெள்ளையாக இருந்தால் கலவை மெலிந்திருக்கிறது, கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் துளையுள்ள மெயின் ஜெட்டை ஒரு அளவு கூட்ட வேண்டும்.

பிறகு

முதல் 100 கிலோமீட்டருக்குள், இன்ஜின் ஆறிய நிலையில், எல்லா நட்டுகளையும் அதே வரிசையில் மறுபடி டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள். கேஸ்கெட் சூட்டில் இன்னும் கொஞ்சம் நசுங்கியிருக்கும், நட்டு அதற்கேற்பத் தளர்ந்திருக்கும். டிபி கில்லரின் போல்ட்டையும் அப்போதே பார்த்துவிடுங்கள். பழைய சைலன்சரை அதன் போல்ட், புஷ், வாஷரோடு ஒரே பையில் கட்டி வையுங்கள். பைக்கை விற்கும்போதோ சோதனைக்குக் கொண்டுபோகும்போதோ கேட்பார்கள்.

நாளடைவில் சத்தம் கரகரத்து, படிப்படியாகக் கூடிக்கொண்டே போனால் உள்ளே இருக்கும் கண்ணாடி இழைப் பஞ்சு எரிந்து பறந்துவிட்டது என்று அர்த்தம். ரிவெட்டுகளைத் துளைத்து எடுத்து, மூடியைக் கழற்றி, நடுவில் உள்ள துளைக்குழாயின் கரியைச் சுரண்டி, புதுப் பஞ்சை இடைவெளி இல்லாமல் சுற்றி, புது ரிவெட் அடித்து மூட வேண்டும். அந்த இழை தோலில் பட்டால் அரிக்கும், மூச்சில் போகவும் கூடாது. கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு செய்யுங்கள்.